முளையா, கட்டையா, களிம்பேறிய செம்பா?

தெருவில் ஒரு பையன், கூடப் படிக்கும் மாணவனின் பணத்தை எடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் வெளியே வந்ததும் சாயங்காலத்துக்குள் மூன்று விதமான பேச்சு கேட்கும். "அது பொறவிக் குணம்ங்க, நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்பார் எதிர்வீட்டுக்காரர். "அஞ்சுல வளைக்காம விட்டுட்டு இப்ப அழுது என்ன செய்ய?" என்பார் பையனின் பாட்டி. "எம் பிள்ளை தங்கம். சேர்க்கைதான் சரியில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார் அம்மா.

மூன்று பேரும் தங்களை அறியாமலேயே மிகப் பழைய கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். மனிதனின் இயல்பு என்ன? குணம் பிறப்போடு வருவது என்கிறார் எதிர்வீட்டுக்காரர். பழக்கத்தால் படிவது என்கிறார் பாட்டி. சூழ்நிலை இழுக்கும் பக்கம் போவது என்கிறார் அம்மா. தத்துவமும் மதமும் உளவியலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த மூன்று பதில்களைச் சுற்றியே வந்துகொண்டிருக்கின்றன.

ஒவ்வொரு பதிலுக்குள்ளும் ஒரு வைத்தியம் இருக்கிறது. பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் பையனைக் கைகழுவிவிடலாம். பழக்கம் என்றால் உட்கார்ந்து திருத்த வேண்டும். சேர்க்கை என்றால் அவன் யாரோடு, எங்கே பொழுதைக் கழிக்கிறான் என்று பார்க்க வேண்டும். நோய்க்கு என்ன பெயர் வைக்கிறோமோ, அதற்கேற்ற மருந்தைத்தான் கொடுப்போம். ஆகவே சிந்தனையாளர்கள் மனிதனை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கவனித்தால், அவனை என்ன செய்யச் சொன்னார்கள் என்பதும் விளங்கும்.

கிணற்றடியில் ஒரு குழந்தை

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்தவர் மென்சியஸ். கன்ஃபூசியஸின் வழியில் வந்தவர். மனித இயல்பு நல்லது என்பது அவர் கட்சி. அதற்கு அவர் காட்டிய உதாரணம் இன்றும் மனதைத் தொடுகிறது. சின்னக் குழந்தை ஒன்று கிணற்றுக்குள் விழப்போகிறது. அதைத் திடீரென்று பார்க்கும் எவருக்கும் நெஞ்சு பதறும். குழந்தையைப் பெற்றவர்களிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்ற எண்ணத்தில் அந்தப் பதற்றம் வருவதில்லை. ஊர் மெச்சும் என்ற நினைப்பிலும் வருவதில்லை. கணக்குப் போட நேரமே இல்லாத கணத்தில் அது தானாக எழுகிறது.

எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கிவிடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. பதறுவார்கள் என்று மட்டுமே சொன்னார். அந்தப் பதற்றத்துக்கு அவர் வைத்த பெயர் முளை. இரக்கம், வெட்கம், விட்டுக்கொடுக்கும் பணிவு, நல்லது கெட்டதைப் பிரித்தறியும் உணர்வு என்ற நான்கு முளைகளோடு மனிதன் பிறக்கிறான். முளை மரமாவதும் கருகுவதும் வளர்ப்பைப் பொறுத்தது. அவசரப்பட்டாலும் கெட்டுவிடும் என்பதற்கு ஒரு விவசாயியின் கதையைச் சொல்கிறார். பயிர் சீக்கிரம் வளரவேண்டும் என்று அந்த மனிதன் ஒவ்வொரு நாற்றையும் பிடித்துக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டான். மகன் வயலுக்குப் போய்ப் பார்த்தபோது எல்லாம் வாடிக் கிடந்தன.

அவருக்குப் பின், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வந்த சுன்சி இதை நேருக்கு நேர் மறுத்தார். மனித இயல்பு கெட்டது, நன்மை என்பது முயன்று செய்வது என்றார். பசித்தால் முதலில் சாப்பிடவும், களைத்தால் படுக்கவுமே மனம் சொல்கிறது. பெரியவர் பந்தியில் இருக்கும்போது சிறியவன் கை நீட்டாமல் காத்திருப்பது கற்றுக்கொண்ட பழக்கம். மனிதன் கோணலான மரக்கட்டை போன்றவன். ஆவியில் காட்டி, அச்சில் அழுத்தி வைத்தால்தான் நேராகும். நம் பாட்டி சொன்ன 'ஐந்தில் வளையாதது' இவருடைய பட்டறையைச் சேர்ந்த பேச்சுதான்.

இருவரும் எதிரெதிர் துருவங்கள் போலத் தெரிகிறார்கள். ஆனால் தெருவில் போகும் எந்தச் சாதாரண மனிதனும் முயன்றால் சான்றோன் ஆகலாம் என்று சுன்சியும் நம்பினார். கல்வி வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. ஒருவர் அதைத் தண்ணீர் ஊற்றுவதாகப் பார்த்தார், மற்றவர் அச்சில் இட்டு அழுத்துவதாகப் பார்த்தார். ஒரே வகுப்பறையில் இருக்கும் இரண்டு ஆசிரியர்களை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று புரியும்.

மென்சியஸின் முளையை நம் காலத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்களான வார்னெகனும் டொமசெல்லோவும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. கொடியில் துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைக் கீழே தவறவிட்டுவிட்டு, எட்டாமல் கையை நீட்டுகிறார். எதிரே ஒன்றரை வயதுக் குழந்தை. உதவி கேட்பதும் இல்லை, மிட்டாய் கொடுப்பதும் இல்லை. ஆனாலும் குழந்தை தத்தித் தத்தி வந்து கிளிப்பை எடுத்துக் கையில் கொடுக்கிறது. இப்படிப் பல சூழல்களில் பார்த்ததில், 24 குழந்தைகளில் 22 பேர் ஒருமுறையாவது உதவினார்கள்.

எல்லாச் சோதனைகளும் இப்படி உறுதியாக நிற்பதில்லை. ஆறு மாதக் குழந்தைகூட உதவும் பொம்மையை விரும்புகிறது, இடையூறு செய்யும் பொம்மையை ஒதுக்குகிறது என்று 2007-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. பல ஆய்வகங்கள் கைகோத்து அதைப் பெரிய அளவில் மறுபடி செய்து 2024-ல் வெளியிட்ட முடிவில் அந்த விருப்பம் தென்படவில்லை. ஒன்றரை வயதில் உதவும் மனம் இருப்பது தெரிகிறது. கைக்குழந்தை நியாயத் தீர்ப்பு வழங்குகிறது என்பது இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

வெள்ளைத் தாளில் கோடு உண்டா?

ஐரோப்பாவில் இதே சண்டை வேறு பெயர்களில் நடந்தது. உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து அரசனின் தலையே வெட்டப்பட்டது. அந்தக் காலத்தில், 1651-ல், 'லெவியதன்' என்ற நூலை வெளியிட்டார் தாமஸ் ஹாப்ஸ். தட்டிக்கேட்கும் அதிகாரம் இல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்தே அழிந்துபோவார்கள் என்றார். அவர் தந்த மருந்து வலுவான அரசு. 1755-ல் ரூசோ, மனிதனைக் கெடுத்தது சொத்தும் ஏற்றத்தாழ்வும்தான் என்று வாதிட்டார். அவருக்குச் சமூகமே நோய்.

இவர்கள் இருவருக்கும் நடுவே ஜான் லாக் சொன்னது கல்வித்துறையில் இன்றுவரை எதிரொலிக்கிறது. பிறக்கும்போது மனம் எழுதப்படாத வெள்ளைத் தாள், அனுபவமே அதில் எழுதுகிறது என்றார் அவர். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் அதை எல்லைவரை கொண்டுபோனார். 1920-ல் அவரும் ரோசலி ரேனரும் ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, குழந்தை அதைத் தொடப்போகும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். கொஞ்ச நாளில் எலியைக் கண்டாலே குழந்தை அழத் தொடங்கியது, பிறகு முயலைக் கண்டும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். அறிவு தேடும் ஆசையில் ஒரு குழந்தையின் மனதை இப்படிக் கையாண்டது கொடுமை. தாள் என்று நம்பிவிட்டால் கசக்கவும் கை கூசாது.

தாள் முழு வெறுமையும் இல்லை என்பதைப் பின்னால் வந்த ஒரு சோதனை அழகாகக் காட்டியது. சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் 1989-ல் வெளியிட்ட ஆய்வு இது. பாம்பையே பார்த்திராத, ஆய்வகத்தில் வளர்ந்த குரங்குகளுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். அதில் இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறியது. பார்த்த குரங்குகளும் பாம்புக்குப் பயப்படக் கற்றுக்கொண்டன. வேறு குரங்குகளுக்கு, பூவைக் கண்டு அதே குரங்கு அதே போல் அலறுவதாக வீடியோவை வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். அவை பூவுக்குப் பயப்படவே இல்லை. பயம் பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் எதை எளிதாக எழுதலாம் என்பதற்குத் தாளில் மங்கலான கோடுகள் இருந்தன.

இரட்டையர் ஆய்வுகளும் நடுவழியையே காட்டுகின்றன. ஐம்பது ஆண்டுகளில் வந்த 2,748 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. மனிதர்களுக்குள் காணும் வேறுபாடுகளில் சராசரியாக 49 சதவீதம் மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பது அதன் முடிவு. இதைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. உங்கள் கோபத்தில் பாதி அப்பா தந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு இது. தனி ஒருவரைக் கூறு போட்டுக் காட்டும் கணக்கு இல்லை.

களிம்பும் பேரிக்காயும்

எங்கள் வீட்டில் ஒரு செம்புக் குடம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், ஊறவைத்த புளியை வைத்து அழுத்தித் தேய்ப்பார். கழுத்து வளைவில் பச்சை பூத்திருக்கும் இடத்துக்குத் தேங்காய் நாரை விரலில் சுற்றிக்கொள்வார். கழுவிக் கவிழ்த்ததும் குடம் புதுசாகச் சிவந்து நிற்கும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் புளி ஊறும்.

சைவ சித்தாந்தம் மனிதனைப் பற்றிப் பேசும்போது எடுக்கும் உவமை இந்தச் செம்புதான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் தந்த சிவஞானபோதம் இந்தத் தத்துவத்தின் அடித்தளம். உயிரை ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்கள் பற்றியிருக்கின்றன. அவற்றில் ஆணவம் நடுவில் வந்து ஒட்டியது இல்லை. செம்பு என்றைக்கோ அன்றைக்கே களிம்பும், நெல் என்றைக்கோ அன்றைக்கே உமியும் இருப்பது போல அது உயிரோடு கூடவே இருக்கிறது. ஆனாலும் களிம்பு வேறு, செம்பு வேறு. இந்த ஒரு வேறுபாட்டில்தான் அந்தத் தத்துவத்தின் கருணை இருக்கிறது. குற்றம் மிகப் பழையது என்று ஒத்துக்கொண்டே, குற்றம் உன் சாரம் இல்லை என்கிறது. ஆணவம் அழிவதில்லை, திருவருளால் அதன் வலிமை அடங்குகிறது.

மற்ற சமயங்களும் இந்த முடிச்சைத் தங்கள் வழியில் அவிழ்க்கின்றன. சத்துவம், ராஜசம், தாமசம் என்ற மூன்று குணங்களின் கலவையாக மனிதனைப் பார்க்கிறது கீதை. கலவை மாறக்கூடியது. பௌத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், நிலையான 'நான்' என்ற ஒன்றே கிடையாது என்கிறது. பேராசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று வேர்களைக் கவனித்து அறுப்பதே அதன் வைத்தியம். இஸ்லாம், ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா எனும் தூய இயல்போடு பிறக்கிறது என்கிறது. மனிதன் வழி தவறுவது மறதியால். ஆகவே இறைவனை இடைவிடாமல் நினைவுகூர்வது அங்கே மருந்தாகிறது.

கிறிஸ்தவம் இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன், அதே சமயம் வீழ்ந்தவன். ஜென்மப் பாவம் என்ற கோட்பாட்டுக்கு மேற்கில் அழுத்தமான வடிவம் கொடுத்தவர் புனித அகுஸ்தினார் (354–430). தன் வாழ்க்கையைத் திறந்து வைத்து எழுதிய நூலில், பதினாறு வயதில் செய்த ஒரு திருட்டை அவர் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். இரவில் நண்பர்களோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைப் பறித்தார். பசியும் இல்லை, வீட்டில் அதைவிட நல்ல பழமும் இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தவறு என்பதே இனித்தது என்று கண்டு அவர் நடுங்குகிறார். பிறகு இன்னொன்றையும் நேர்மையாக ஒத்துக்கொள்கிறார். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டாராம். ஜென்மப் பாவத்தைப் பற்றிப் பேச வந்தவர், பையனின் அம்மா சொன்ன 'சேர்க்கை'யிலும் வந்து நிற்கிறார்.

சேர்க்கை என்ன செய்யும்?

அந்த அம்மாவின் பதிலை 20ஆம் நூற்றாண்டு உளவியல் தீவிரமாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் டார்லி, பேட்சன் என்ற இருவர் நடத்தி 1973-ல் வெளியிட்ட சோதனையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

போதகர் ஆவதற்குப் படிக்கும் 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. கிளம்பும்போது சிலரிடம் "நிறைய நேரம் இருக்கிறது" என்றும், சிலரிடம் "சரியான நேரம்" என்றும், சிலரிடம் "ஐயோ, தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். போகிற சந்தில் ஒரு மனிதர் வாசற்படியில் தலை தொங்கச் சரிந்து கிடக்கிறார். இருமுகிறார், முனகுகிறார்.

நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். மனதில் நல்ல சமாரியன் கதை ஓடிக்கொண்டிருந்ததா என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லவே ஓடியவர்களில் சிலர், கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு போனார்கள். இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவசரப்படுத்தப்பட்டவர்கள். காலை எட்டரை மணிக்குப் பேருந்துக்கு ஓடியிருக்கிற நம் எல்லோருக்கும் இது விளங்கும்.

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை இதைவிடக் கசப்பானது. சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஆய்வாளரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, அடுத்த அறையில் இருக்கும் மனிதருக்கு மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். மின்சாரம் பொய், கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். இந்த எண்ணைச் சொல்லி, மனிதன் இவ்வளவுதான் என்று முடித்துவிடுவது வழக்கம். மில்கிராம் செய்து பார்த்த இன்னொரு ஏற்பாட்டை மறந்துவிடுகிறோம். கூட இருந்த இரண்டு பேர் "நாங்கள் செய்ய மாட்டோம்" என்று எழுந்துவிட்டபோது, 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நம் ஊரில் சொல்வதை இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை காட்ட முடியாது.

சேர்க்கைக்கு இருண்ட பக்கமும் உண்டு. ஹென்றி டாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி உயிர் பிழைத்தார், குடும்பத்தை நாஜிகளிடம் பறிகொடுத்தார். மனிதர்கள் 'நாம், அவர்கள்' என்று பிரிய என்ன வேண்டும் என்ற கேள்வி அவரை விடவில்லை. பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களுக்குச் சில ஓவியங்களைக் காட்டி, 'உனக்கு இந்த ஓவியரைப் பிடித்திருக்கிறது, அவனுக்கு அந்த ஓவியரை' என்று இரண்டு குழுவாகச் சொல்லிவைத்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். காசு பங்கிடச் சொன்னதும் சிறுவர்கள் தங்கள் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள். தங்கள் குழுவின் பங்கு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவை விட மேலே இருந்தால் போதும் என்றும் பலர் தேர்ந்தார்கள். முகம்கூடத் தெரியாத குழுவுக்காக இவ்வளவு. கிளிப்பை எடுத்துக் கொடுக்கும் கையும் வேலி போடும் கையும் நமக்கு ஒன்றுதான்.

ஒரு சொல்லின் ஆபத்து

இதனால்தான் 'இயல்பு' என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். நற்பண்புகள் பிறப்பில் வருவதில்லை, பழகப் பழக வருகின்றன என்று அருமையாகச் சொன்ன அதே அரிஸ்டாட்டில், சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்றும் எழுதினார். நம் நாட்டிலும் இன்ன பிறப்புக்கு இன்ன குணம், இன்ன தொழில் என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாக மனிதர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். பள்ளிக்கூட வாசலை மூடிவிட்டு, இவர்களுக்குப் படிப்பு வராது என்று சொன்ன கொடுமை அது. சூழ்நிலை செய்த காயத்தைப் பிறவி அடையாளம் என்று பெயர் மாற்றுவது, இந்தச் சொல்லை வைத்துச் செய்யக்கூடிய மிகப் பெரிய அநியாயம்.

மென்சியஸ் இதற்கும் ஒரு கதை சொல்லியிருக்கிறார். எருது மலை என்று ஒரு மலை. ஒரு காலத்தில் அடர்ந்த மரங்கள் இருந்தன. பெரிய நகரம் பக்கத்தில் இருந்ததால் கோடரிகள் வந்தன. வெட்டிய பிறகும் மழையிலும் பனியிலும் தளிர் விடத்தான் செய்தது. ஆனால் ஆடு மாடுகள் அதையும் மேய்ந்துவிட்டன. மொட்டையாய் நிற்கும் மலையைப் பார்த்தவர்கள், இங்கே மரமே இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பையனை என்ன செய்வது?

இப்போது பணம் எடுத்த பையனிடம் திரும்புவோம். எதிர்வீட்டுக்காரர், பாட்டி, அம்மா ஆகிய மூவரில் யார் சொன்னது சரி? மூன்றிலும் உண்மை உண்டு, அவை வெவ்வேறு தூரத்திலிருந்து பார்த்தவை. எல்லா மனிதருக்கும் பொதுவான சில உணர்வுகளோடு பிறக்கிறோம். இரக்கமும் அதில் உண்டு, 'நம்மவர்' என்ற வேலியும் உண்டு. அவற்றில் எது தடிக்கும், எது மெலியும் என்பதைப் பல ஆண்டுப் பழக்கம் முடிவு செய்கிறது. ஒரு குறிப்பிட்ட மதியம் ஒரு குறிப்பிட்ட பை திறந்து கிடந்தபோது என்ன நடந்தது என்பதில் அந்த நேரத்துச் சூழ்நிலைக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்வீட்டுக்காரர் தவறியது ஒரே இடத்தில். இயல்பு பிறவியில் வருகிறது என்றது சரி, அதை நாய் வாலோடு முடித்துக்கொண்டது தவறு.

ஆகவே மூன்று மருந்தும் வேண்டும். பணத்தை அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும், பாட்டி சொன்ன வளைத்தல் அதுதான். அவன் யாரோடு சுற்றுகிறான், காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனானா, என்ன தேவைக்கு எடுத்தான் என்று அம்மாவும் ஆசிரியரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவசரம் இல்லாமல் கேட்க வேண்டும்.

பிறவியோடு வந்ததற்கான மருந்து கைகழுவுவது இல்லை, காப்பது. பணத்தை நீட்டும்போது அவன் தலை குனிந்து நின்றால், அதைக் கவனியுங்கள். நான்கு முளைகளில் ஒன்று வெட்கம். அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சீக்கிரம் வளரட்டும் என்று நூறு பேர் முன்னால் நிறுத்தி அதைப் பிடித்து இழுக்க வேண்டாம். நாளைக் காலை அவன் பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து வரும்போது 'திருடன்' என்ற சொல் எந்த வாசலிலிருந்தும் வராமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் வேலை. மலை தளிர் விட்டிருக்கிறது, ஆட்டைக் கட்டிப்போட வேண்டியவர்கள் நாம்.